காவல் காயை விலக்கி வெற்றி காணும் சதுரங்க உத்தி: திசைதிருப்பல் என்றால் என்ன?

புதுதில்லி: புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்திய அணிகள் இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றதும், டிசம்பரில் டி. குகேஷ் உலக சாம்பியன் பட்டம் வென்றதும் 2024-ஆம் ஆண்டின் முக்கிய விளையாட்டுச் செய்திகள். அதன்பின் சதுரங்கம் கற்கத் தொடங்கியோர் விரைவில் அறிய வேண்டிய உத்திகளுள் ஒன்று 'திசைதிருப்பல்'.

ஒரு காயையோ கட்டத்தையோ காத்து நிற்கும் எதிரணிக் காயை, அந்தக் காவல் பணியிலிருந்து வலுக்கட்டாயமாக விலக்குவதே இவ்வுத்தி. பெரும்பாலும் இதற்கு ஒரு காயைப் பலி கொடுக்க நேரும்.

எடுத்துக்காட்டு

சிசிலியன் தற்காப்பின் ஸ்மித்-மோரா பலியாட்டத்தில் இது தெளிவாகத் தெரியும். வெள்ளை இ4, கருப்பு சி5 எனத் தொடங்கி, டி4, சிxடி4, சி3, டிxசி3, குதிரைxசி3, டி6, மந்திரி சி4, குதிரை எஃப்6, இ5 என்ற நிலை வருகிறது. இங்கு கருப்பு டிxஇ5 என வெட்டுவது பெரும் பிழை. டி வரிசை திறந்துவிட, இரு ராணிகளும் நேருக்கு நேர் நிற்கின்றன. கருப்பு ராணிக்கு ராஜா மட்டுமே காவல்.

உடனே வெள்ளை மந்திரி எஃப்7 சிப்பாயை வெட்டி 'செக்' வைக்கிறது. ராஜா அதை வெட்டினால் காவல் அகல, ராணி பறிபோகும். வெட்டாமல் வேறு கட்டத்திற்கு நகர ராஜாவுக்கு வழியில்லை.

ஈர்த்தலிலிருந்து வேறுபாடு

காயை ஓரிடத்திலிருந்து அகற்றுவது திசைதிருப்பல். ஆபத்தான கட்டத்திற்கு இழுப்பது ஈர்த்தல். 2016 நவம்பர் 30 அன்று நியூயார்க்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப் சமன்முறிவின் நான்காவது விரைவு ஆட்டத்தில், செர்கெய் கர்யாகினுக்கு எதிராக மேக்னஸ் கார்ல்சன் ராணியை எச்6 கட்டத்தில் பலியிட்டார். சிப்பாய் வெட்டினால் ஏழாம் வரிசை திறந்து, எஃப்7-இல் யானை மூலம் 'மேட்'. இது திசைதிருப்பல். ராஜா வெட்டினால் எச்8-இல் மற்றொரு யானை மூலம் 'மேட்'. இது ஈர்த்தல். கர்யாகின் தோல்வியை ஒப்புக்கொண்டார். பட்டம் கார்ல்சனிடமே நீடித்தது.

கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும், எதிரணியின் எந்தக் காய் தனியாகக் காவல் நிற்கிறது, அதைச் 'செக்' அல்லது வெட்டு மூலம் விலக்க முடியுமா எனப் பார்க்க வேண்டும். பலியை ஏற்க மறுக்கும் வழி எதிராளிக்கு உண்டா என்பதையும் கணக்கிட வேண்டும். அவ்வழி இருப்பின், கொடுத்த காய் வீணாகிவிடக்கூடும்.