ஆலை திவாலானால் தொழிலாளியின் பாக்கி என்னாகும்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ளன. கலையநல்லூரில் இருப்பது தனியாரின் தரணி சர்க்கரை ஆலை. வங்கிக் கடனில் சிக்கிய தரணி நிறுவனம் 2021-ல் சென்னையிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. கரும்பு விவசாயிகளின் பாக்கி பற்றித் தியாகதுருகம் வட்டாரத்தில் எல்லோரும் பேசுவார்கள். ஆலைக்குள் வேலை பார்த்தவருக்குச் சட்டப்படி என்ன சேர வேண்டும்?

எவ்வளவு கிடைக்கும்?

ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. ஆலையையே மூடினாலும் இதே கணக்குதான். நஷ்டத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டைக் குறைக்க முடியாது. பண நெருக்கடி மட்டுமே தவிர்க்க முடியாத காரணம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. தொழில் தகராறு சட்டத்தின் இந்த விதிகள், 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன.

ஓர் உதாரணம்: மாதம் 15,600 ரூபாய் சம்பளம், 12 ஆண்டு வேலை. நோட்டீஸ் சம்பளம் 15,600, இழப்பீடு 93,600, கிராஜுவிட்டி 1,08,000 ரூபாய். பி.எஃப்., சம்பள பாக்கி தனி.

யாருக்கு முதலில்?

நிறுவனத்தைக் கலைத்து விற்றால், நடவடிக்கைச் செலவுகள் முதலில் கழியும். அடுத்து, அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கிகளும் தொழிலாளர்களும் சமமாக நிற்பார்கள். தொழிலாளர்களுக்கு 24 மாதப் பாக்கி வரை இந்த முன்னுரிமை உண்டு. இழப்பீடும் இதில் அடங்கும். மேலாளர் போன்ற மற்ற ஊழியர்களுக்கு அதற்கடுத்த இடம், 12 மாதச் சம்பளம் வரை. அரசுக்குச் சேர வேண்டியதும் கரும்புப் பாக்கியும் இன்னும் பின்னால்.

பி.எஃப்., கிராஜுவிட்டி இந்த வரிசையிலேயே சேராது. அவை கடன்காரர்களுக்குப் பங்கிடும் சொத்தல்ல என்று ஏ.பி.ஜி. கப்பல் கட்டும் நிறுவன வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திவாலான ஜெட் ஏர்வேஸை வாங்க வந்தவர்கள் இவற்றை முழுதாகத் தர வேண்டும் என்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பாய உத்தரவையும் 2023 ஜனவரியில் அது உறுதி செய்தது. ஆனால் வாங்கியவர்கள் நிபந்தனைகளை நிறைவேற்றாததால் 2024 நவம்பரில் அந்த நிறுவனம் கலைப்புக்கே போனது. தீர்ப்பு வருவதும் பணம் கைக்கு வருவதும் ஒன்றல்ல.

எப்படிக் கேட்பது?

திவால் நடவடிக்கை தொடங்கியதும் நிறுவனத்தின் மீதான வழக்குகள் நிறுத்திவைக்கப்படும். லேபர் கோர்ட்டில் வழக்கு இருக்கிறதே என்று சும்மா இருக்கக்கூடாது. தீர்ப்பாயம் நியமிக்கும் இடைக்காலத் தீர்வு நிபுணர் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வெளியிடுவார். அவர் நியமனமான 14 நாளுக்குள் பாக்கியைக் கோரி 'படிவம் டி'யை நிரப்பி, நேரிலோ தபாலிலோ மின்னஞ்சலிலோ தரலாம். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பிரதிநிதி 'படிவம் இ' தரலாம். கெடு தவறினாலும் காரணம் சொல்லிப் பின்னர் கேட்க வாய்ப்பு உண்டு. தாமதிக்கத் தாமதிக்க அது குறையும்.

தொழிலாளர்களே திவால் மனு போடவும் வழி உண்டு. தொழிற்சங்கமும் போடலாம் என்று 2019-ல் ஜே.கே. சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2020 மார்ச்சில் குறைந்தபட்ச பாக்கி 1 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாயாக உயர்ந்ததால், பலர் சேர்ந்தால்தான் இது சாத்தியம்.

பிரிட்டனில் முதலாளி திவாலானால், ஆட்குறைப்புத் தொகையையும் நோட்டீஸ் சம்பளத்தையும் ஒரு வரம்பு வரை தேசிய காப்பீட்டு நிதியிலிருந்து அரசே தந்துவிடும். இந்தியாவில் அப்படியொரு நிதி இல்லை. இங்கே ஆவணம்தான் துணை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், பி.எஃப். விவரம் ஆகியவற்றை ஆலை ஓடும்போதே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி தரச் சட்டம் உள்ளது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகத் தயங்க வேண்டாம்.