வாடைக் காற்றும் மூன்று மாதக் கெடுவும்

மருதமுனையில் இருக்கும் என் மச்சான் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு இறப்பர் சாமானை எடுத்து மேசையில் வைத்தார். எஞ்சினுக்குள் கடல் தண்ணீரை இழுத்துவிடும் இம்பெல்லர். பூவைப் போல ஆறு இதழ் இருக்க வேண்டியதில் நான்குதான் இருந்தன.

"மத்த ரெண்டும் எங்க மச்சான்?"

"எஞ்சினுக்குள்ளதான் கிடக்கும்."

இரண்டு கிழமைக்கு முன்னர், ஓடும்போது எஞ்சினிலிருந்து பீச்சும் தண்ணீர் நூல் போல மெலிந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். புது இம்பெல்லர் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். உடைந்த இரண்டு இதழ்களையும் யாரும் தேடவில்லை. அவை தண்ணீர் போகும் பாதையை அடைத்துக்கொள்ள, பத்தாம் நாள் கரையிலிருந்து நாலு கட்டைத் தூரத்தில் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிட்டது. வேறொரு படகுதான் கயிறு போட்டு இழுத்து வந்தது. திரும்பக் கடைக்குப் போனால், "நீங்க ஒழுங்கா ஓட்டல்ல" என்ற பதில். மச்சானிடம் பில் இல்லை, திகதி இல்லை, என்ன வேலை செய்தார்கள் என்று எழுதிய ஒரு வரி இல்லை.

கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை நமது ஃபைபர் படகுகள் மணலில் இருந்துதான் இறங்குகின்றன, மணலில்தான் ஏறுகின்றன. அலைக்குள் எஞ்சினைத் தட்டும்போது கலங்கிய மணலும் தண்ணீரோடு உள்ளே போய் இறப்பரைத் தின்கிறது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்தபோது இந்தக் கஷ்டம் குறையும் என்று நம்பினோம். அதன் வாயையும் மணல்தான் அடைத்தது. ஆகவே இங்கே இம்பெல்லர் அடிக்கடி தேய்வது ஆச்சரியமில்லை. கழற்றியவர் ஆறு இதழையும் எண்ணிப் பார்க்காததுதான் பிழை.

அந்தப் பிழைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, திருத்த வேலையை எடுப்பவர் அதை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். போடும் சாமான் அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். வாயால் சொல்லாவிட்டாலும் இந்த உத்தரவாதம் ஒப்பந்தத்துக்குள் இருப்பதாகவே சட்டம் கொள்ளும். பழைய எஞ்சினைப் புதிது என்று விற்பதும், இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்வதும் அதே சட்டத்தின் கீழ் குற்றம். "நாங்க தொழிலுக்கு வாங்கினது, எங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது" என்று பலர் நினைக்கிறார்கள். காசு கொடுத்துப் பெற்றுப் பாவிக்கும் எவரும் இந்தச் சட்டத்தில் பாவனையாளர்தான்.

நம்மவர்கள் தவறவிடுவது கெடுவை. அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்த அல்லது சேவை தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல. நமது கடலை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். நவம்பரில் புது எஞ்சின் வாங்குகிறோம். வாடைக் காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கிறது. எஞ்சின் வாடிக்குள் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. பெப்ரவரியில் கடல் இறங்கி முதல் பழுது தெரியும்போது மூன்று மாதம் முடிந்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. சட்டம் எழுதியவர்கள் நமது கடலை நினைத்து எழுதவில்லை. எனவே புது எஞ்சினைக் கடல் தொழில் நடக்கும் காலத்தில் வாங்குவதுதான் புத்தி. மாரியில் வாங்கத்தான் வேண்டும் என்றால், தண்ணீர்த் தொட்டியில் பூட்டிக் கடைக்காரர் முன்னாலேயே ஓட்டிப் பாருங்கள்.

திருத்த வேலைக்குக் கெடு தனி. ஒவ்வொரு திருத்தமும் தனிச் சேவை, அதன் மூன்று மாதம் அந்த வேலை முடிந்த நாளிலிருந்து ஓடும். திகதி போட்ட பில்லுக்குப் பெறுமதி அங்கேதான். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. அதில் எஞ்சின் இலக்கம், செய்த வேலை, போட்ட சாமானின் பெயர், வாங்கிய காசு எல்லாம் இருக்கட்டும். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். மச்சான் அந்த இம்பெல்லரைக் கேட்டு வாங்கியதால்தான் இதழ் குறைந்ததாவது தெரிந்தது.

பழுது எப்போதும் கடையின் மேல்தான் என்றும் சொல்ல மாட்டேன். மண்ணெண்ணெய் எஞ்சினை நிறுத்தும் முன் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டாவிட்டால், அடுத்த நாள் தட்டும்போது மண்ணெண்ணெய் கார்பரேட்டருக்குள்ளேயே கிடந்து கரைச்சல் தரும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதிலிருந்து, எங்கே ஒரு ரூபா மிச்சம் பிடிக்கலாம் என்றே எல்லோரும் பார்க்கிறோம். எஞ்சின் ஒயிலில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெயோடு கலக்கும் அந்த ஒயிலைத் தவிர வேறு மசகு இல்லை. அளவு குறைந்து பிஸ்டன் இறுகினால் வொரண்டியும் கைகொடுக்காது.

பாவித்த எஞ்சின் வாங்குபவர்கள் கிளாம்ப் பக்கத்தில் உள்ள இலக்கத் தகட்டை முதலில் பாருங்கள். சுரண்டியிருந்தாலோ தகடே இல்லாவிட்டாலோ, விலை எவ்வளவு மலிந்தாலும் வேண்டாம். களவு எஞ்சின் என்றால் பொலிஸ் தேடி வருவது வாங்கியவர் வீட்டுக்குத்தான். லீசிங்கில் எடுத்தவர்கள் எஞ்சின் பழுதென்ற கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள். முறைப்பாடு ஒரு பக்கம் நடக்கட்டும், தவணை தவறினால் எஞ்சினும் போய்விடும்.

முறைப்பாட்டுக்கு அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தை அழைத்து வழி கேட்கலாம். ஆனால் அழைப்போடு நிற்காமல் எழுத்திலும் கொடுங்கள், பிரதியொன்று கையில் இருக்கட்டும். விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பித் தரவோ கட்டளையிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. மூன்று மாதம் தாண்டிவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. 1896இல் வந்த பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதை வைத்து நீதிமன்றம் போகலாம். அதற்கு முன் மத்தியஸ்த சபை இருக்கிறது. சட்டத்தரணிக்குக் காசு கட்டாமல் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசலாம். மச்சான் இப்போது அங்கே போகத்தான் ஆயத்தமாகிறார். பில் இல்லாதபடியால், அன்று கயிறு போட்டு இழுத்து வந்தவரையும், கடை வாசலில் கூட நின்ற கூட்டாளியையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். இம்பெல்லரை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, வேலை நடந்த திகதியைக் கடதாசியில் எழுதி அதோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்.