ரவைக்கூடு: சட்டம் ஏன் எண்ணிக்கை பார்க்கிறது?

‘கைத்துப்பாக்கியும் மெகசினும் மீட்பு’ என்று செய்திகளில் அடிக்கடி வாசிக்கிறோம். மெகசின் என்பது நாம் ரவைக்கூடு என்று சொல்வதுதான். கைத்துப்பாக்கியின் பிடிக்குள் செருகப்படும் இந்தக் கூட்டினுள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். ஒரு ரவை சுடப்பட்டதும் அது அடுத்ததை மேலே தள்ளும். கிளிப் என்பது வேறு. ரவைகளை வரிசையாகப் பிடித்து வைத்து, நிரப்ப உதவும் தகடு அது.

அமெரிக்காவில் 1994இல் வந்த சட்டம், 10 ரவைகளுக்கு மேல் கொள்ளும் புதிய கூடுகளைப் பொதுமக்களுக்குத் தடைசெய்தது. 2004இல் அது காலாவதியானது. 2011 ஜனவரி 8ஆம் திகதி, அரிசோனாவின் ரூசன் நகரில் காங்கிரஸ் உறுப்பினர் கப்ரியேல் கிஃபர்ட்ஸ் நடத்திய மக்கள் சந்திப்பில், ஒருவர் 33 ரவைகள் கொள்ளும் கூட்டுடன் வந்து சுட்டார். 6 பேர் கொல்லப்பட்டனர். கூட்டை மாற்ற முயன்றபோதுதான் அங்கிருந்தவர்கள் அவரை மடக்கிப் பிடித்தனர்.

எல்லை விதிப்பதன் காரணம் இதுவே. கூடு சிறிதானால் அந்த இடைவெளி முன்னதாகவே வரும். இன்று கலிபோர்னியா, நியூயோர்க் போன்ற மாநிலங்களில் எல்லை 10. நம் உறவுகள் வாழும் கனடாவிலும் கைத்துப்பாக்கிக்கு 10தான். சூட்டுக்கு நடுவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு அந்தச் சில செக்கன்களின் பெறுமதி தெரியும்.