யன்னற் கதவும் ஒவ்வாமையும்: முல்லைத்தீவு வீடுகளை முன்வைத்து

சாளரத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் ஒன்று ‘காலதர்’. சிலப்பதிகாரத்தில் வரும் இச்சொல் காற்று இயங்கும் வழி எனப் பொருள்படும். காற்றோடு தூசும் வருகின்றது. யன்னற் கதவு செய்யப்படும் பொருளிலிருந்தே எழும் தூசும் உண்டு. எனவே, ஒவ்வாமை குறைந்த பொருள் எது என்னும் வினா, எவருடைய உடலைக் கருத்திற் கொள்கிறோம் என்னும் வினாவோடு பிணைந்துள்ளது.

வன்னியிற் கதவு, யன்னல்களுக்குப் பெரிதும் விரும்பப்படும் மரம் முதிரை. வைரமும் மினுமினுப்பும் மிக்க இம்மரத்தின் தூள் தோலழற்சியை ஏற்படுத்தும். இதிலுள்ள குளோரொக்சைலோனின் என்னும் அற்கலொயிட்டு தோலை உறுத்துவதாக நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது. தேக்கின் தூளும் சிலருக்கு ஒவ்வாது. ஆயினும், இழைத்து மெருகிட்ட முதிரைக் கதவு வீட்டாரை அரிதாகவே வருத்தும். கேடு தச்சரின் கைகளையும் மூச்சையுமே சென்றடைகின்றது. பண்டத்தின் பளபளப்பு அதனை ஆக்கிய உழைப்பை மறைப்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உழைப்புக் கருவியின் மாற்றமும் இங்கு நோக்கற்பாலது. கைச்சீவுளி சுருள் சுருளாகச் சீவலைத் தள்ளும். மின்னாற் சுழலும் உரைபொறியோ நுண்தூளைக் காற்றிற் பரப்பும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வெளியிட்ட தொகுதியில், மரத்தூளை மனிதரிற் புற்றுநோய் விளைவிப்பதாக வகைப்படுத்தியது.

மாற்றுப் பொருள்களும் குறையற்றவை அல்ல. ஒட்டுப்பலகையின் பசைகள் பலவற்றிலிருந்து கசியும் போமல்டிகைட்டு கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்தும். கிடுகும் பனையோலைத் தட்டியும் மலிவானவை. எனினும், வடகீழ்ப் பருவமழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்தால் ஆஸ்துமா நோயாளருக்குத் தீங்கானவை. தகரம் கடற்காற்றில் துருப்பிடிக்கும். அலுமினியத் தகடு துடைத்தற்கு எளிது. ஆயின் வெயிலிற் சுடும்.

2009 இன் பின்னர் மீள்குடியேறிய குடும்பங்கள் பல தம் வீடுகளைத் தாமே முன்னின்று கட்டின. கதவைத் தானே செய்பவரிடத்து ஆக்குவோரும் நுகர்வோரும் ஒருவரே. ஆகவே செய்யும்போது நேரும் கேட்டையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். தோலழற்சி கண்டவர் முதிரையை அரிதலைத் தவிர்த்தல் நன்று. வீட்டில் ஆஸ்துமா நோயாளர் இருப்பின், தூசு தங்கும் சாய்சட்டங்களிலும் நீராற் கரையும் வண்ணம் பூசிய தட்டையான பலகையே ஏற்றது. வேலையை வெளியிற் செய்தல், முகக்கவசமும் நீள்கைச் சட்டையும் அணிதல், சீவுளியை இயன்றவரை பயன்படுத்தல், முடிந்ததும் உடல் கழுவுதல் ஆகியன இன்றியமையாதன.

கூலிக்குச் செய்விப்போருக்கும் இதுவே விதி. தச்சரின் முகக்கவசத்துக்கான செலவு கதவின் விலையிற் சேர வேண்டியதேயன்றி, அவரது கூலியிற் கழிய வேண்டியதன்று.