பாரி மகளிரின் மணவாழ்வு

மணத்தொடு கதையை முடித்தல் உலக இலக்கியங்கள் பலவற்றிற்கும் பொதுவானதொரு மரபாகும். ஆங்கிலப் புதினத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாகிய இரிச்சர்ட்சனின் ‘பமீலா’ (1740), தலைவியின் நற்பண்புக்குக் கிடைத்த பரிசாகவே திருமணத்தைக் காட்டிற்று. நம் சிலப்பதிகாரமோ மணத்தில் தொடங்குகின்றது. மணம் துன்பத்திற்கும் வாயிலாகலாம் என்பதைக் கண்ணகி வரலாறு உணர்த்தும். இவ்விரு நோக்கையும் உளங்கொண்டு, பறம்பின் கோமான் பாரியின் மகளிர் திருக்கோவலூரில் மணம்பெற்று இனிது வாழ்ந்தனர் என வழங்கும் கூற்றை ஈண்டு ஆராய்வாம். திருக்கோவலூர் இன்று, 2019 நவம்பர் 26-இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அமைந்துள்ளது. பெண்ணையாற்றங்கரையில் கபிலர் உயிர்நீத்த இடமெனக் காட்டப்பெறும் பாறையை அவ்வூரார் இன்றும் போற்றி வருகின்றனர்.

புறப்பாட்டின் சான்று

புறநானூற்றில் பாரி மகளிர் தம் வாயால் கூறியனவாக உள்ளது 112-ஆம் பாட்டு ஒன்றே. சென்ற திங்களின் நிலவொளியில் தந்தையும் மலையும் தம்முடன் இருந்தமையையும், இத்திங்களின் நிலவொளியில் அவ்விரண்டையும் இழந்து நிற்றலையும் அப்பாட்டு ஒப்பிட்டுக் காட்டுகின்றது. அதன்பின் அவர்தம் குரலை நாம் யாண்டும் கேட்டிலம். பேசுபவர் கபிலர் ஒருவரே.

பறம்பு முற்றுகையுற்ற காலத்தனவாகிய 109, 110, 111 ஆகிய பாட்டுகள் மகண்மறுத்தல் துறையின்பாற் படுத்தப்பட்டுள்ளன. பாரி மகளிரை வேந்தர் வேண்ட, அவர் மறுக்கப்பட்டனர் என்னும் கருத்து இத்துறைக் குறிப்பினின்று எழுந்ததேயாகும். 200-ஆம் பாட்டில் கபிலர் விச்சிக்கோனிடம் அம்மகளிரை ஏற்குமாறு வேண்டுகின்றார். 201-இல் இருங்கோவேளிடம், தாம் அவர்தம் தந்தையின் தோழர் என்றும், ஆதலின் அவர் தம் மகளிரே என்றும் உரிமை கூறி வேண்டுகின்றார். 202-இல், வேண்டுகோள் ஏற்கப்படாமையின், புலவரை இகழ்ந்தமையால் இருங்கோவேளின் முன்னோர் ஊர் அழிந்த வரலாற்றை எடுத்துக்காட்டி இடித்துரைக்கின்றார். பேரரசர் மூவர் விழைந்த மகளிரைக் குறுநில வேளிர் இருவரும் ஏலாமை எண்ணத்தக்கது. வேளிர் மறுத்தமைக்குரிய காரணத்தைப் பாட்டுகள் கூறவில்லை. மூவேந்தர்பால் கொண்ட அச்சமே காரணமாகலாம் என்பது ஊகமே.

பிறிதொன்றும் கருதத்தக்கது. இவ்வேண்டுகோட் பாட்டுகளில் மகளிரின் அழகோ விருப்போ பேசப்படவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த தந்தையின் புகழே அவர்க்குரிய சீராகக் கூறப்படுகின்றது. கபிலர் நாடியது அவர்க்கு ஒரு புகலிடத்தையே. அம்மணத்தில் அவர் எய்தும் இன்பம் ஈண்டுப் பேசுபொருளன்று.

கொளுக்களின் சான்று

113, 236 ஆகிய பாட்டுகளின் அடிக்குறிப்புகள், கபிலர் அம்மகளிரைப் பார்ப்பார்ப்படுத்தமையைக் குறிக்கின்றன. 236-இன் குறிப்பு அதன்பின் அவர் வடக்கிருந்தமையையும் கூறும். ‘படுத்தல்’ என்னும் வினைக்கு மணம் செய்வித்தல் எனப் பொருள் கொள்வாரும், பாதுகாப்பில் வைத்தல் எனப் பொருள் கொள்வாரும் உளர். வேளிர் இருவரிடம் மணம் வேண்டிச் சென்றவர், அவர் மறுத்த பின்னர் மகளிர்க்கு முதற்கண் தேடியது பாதுகாப்பே எனக் கோடல் பாட்டுகளின் போக்கிற்குப் பொருந்துவதாம். எனினும், பாட்டுகளைத் தொகுத்தோர் காலத்து எழுந்த இக்குறிப்புகளைப் பாட்டின் சொற்களோடு ஒப்ப மதித்தல் கூடாது. 236-ஆம் பாட்டினுள் மகளிரைப் பற்றிய பேச்சு இல்லை. உடன் இறக்க விடாது தம்மை நிறுத்திச் சென்ற நண்பனை நோக்கிய ஆற்றாமையே அதன் பொருள்.

கல்வெட்டின் சான்று

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்துச் செய்யுட் கல்வெட்டு ஒன்று உள்ளது. பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்கு அளித்துவிட்டுப் பெண்ணையாற்றினிடைக் கனல் புக்க கபிலரின் கல்லை அது குறிப்பிடுகின்றது. மணச்செய்திக்கு இதுவே தலைமையான சான்று.

ஆயினும் மூன்று வேறுபாடுகளை நோக்குதல் வேண்டும். புறநானூறு மகளிரைப் பன்மையாற் கூற, கல்வெட்டு ஒருமையாற் கூறுகின்றது. புறநானூற்றுக் குறிப்பு வடக்கிருந்தார் என, கல்வெட்டு கனல் புக்கார் என்கின்றது. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகள் கழிந்துள்ளன. ஆதலின் இக்கல்வெட்டு, பதினோராம் நூற்றாண்டளவில் அவ்வூரில் உறுதிபெற்றிருந்த மரபுக்குச் சான்றாகும். நிகழ்ச்சிக்கு நேர்ச்சான்று ஆகாது.

அடிக்குறிப்பையும் கல்வெட்டையும் இயைக்க ஒரு வழி உண்டு. 122-ஆம் பாட்டில் கபிலர், மலையமான் திருமுடிக்காரியின் நாடு அந்தணர்க்கு உரியது என்றும், பெரும்பொருள் பரிசிலர்க்கு உரியது என்றும், அவனுக்கே உரியது மனைவியின் தோள் ஒன்றே என்றும் பாடினார். மலையமான் நாடு அந்தணர் நாடாயின், பார்ப்பார்பால் வைத்தலும் மலையர்க்கு அளித்தலும் ஒரே நிலத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தனவாகலாம். இஃது எம் கருத்தேயன்றித் துணிபன்று. இங்கு மலையர் என்றது மலையமான் மரபினரை. கல்வராயன் மலையில் இன்று வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தோர் என்னும் வாய்மொழி வழக்கினர். பெயரொப்புமை ஒன்றே கொண்டு அவரை இம்மலையரோடு இணைத்தல் பிழையாகும்.

மலையமான் மனை

மணம் நிகழ்ந்ததெனவே கொள்வோம்; அம்மனை அமைதியுடையதாக இருந்ததா? மலையமான் மரபினர் வேந்தரிடைப் போர்களில் ஈடுபட்டு நின்றவர். காரி கொல்லி ஆண்ட ஓரியைக் கொன்று, அம்மலையைச் சேரனுக்கு அளித்தான் என்பது அகநானூற்றால் (209) அறியப்படும். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக்கு இட முற்பட்டபோது, கோவூர்கிழார் இடைபுகுந்து காத்தனர் என்பது புறநானூற்று 46-ஆம் பாட்டின் குறிப்பு. அச்சிறுவர் பாரி மகளிரின் வழியினர் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும், வேந்தர் சினத்தால் தந்தையை இழந்த மகளிர் புகுந்த குடியும் வேந்தர் சினத்திற்கு அகப்பட்ட குடியே என்பது போதரும்.

மேற்கூறிய கல்வெட்டே மற்றொரு பெண்ணையும் பாடுகின்றது. மலையமான் குடியிற் பிறந்து சோழர் குடியிற் புகுந்த இராசராசன் தாய், பால்மணம் மாறாக் குழவியைப் பிரிந்து கணவனோடு எரிபுக்கனள் என்கின்றது. அக்குடிக்குள் வந்தவளின் மணத்தையும், அக்குடியினின்று சென்றவளின் இறப்பையும் ஒரே கல் புகழாகக் கூறுகின்றது. அவ்விருவரும் இன்புற்றனரா என அஃது உசாவவில்லை.

பிற்காலக் கதை

அங்கவை, சங்கவை என்னும் பெயர்களும், தெய்வீகன் என்னும் மணமகனும், ஔவையார் மூவேந்தரையும் அழைத்து மணம் முடித்த செய்தியும், பனந்துண்டம் தளிர்த்துப் பழம் ஈந்த வியப்பும் பிற்காலத் தனிப்பாடற் கதைகளிலேயே காணப்படுவன. சங்கப் பாட்டில் இப்பெயர்கள் இல்லை. இக்கதையின் உள்ளக்கிடை தெளிவானது. தந்தையைக் கொன்ற மூவரும் மணப்பந்தருக்கு வந்து சீர் செய்கின்றனர். பட்ட மரமும் தளிர்க்கின்றது. பறம்பில் நிகழ்ந்த கொடுமைக்கு மக்கள் தம் கற்பனையால் செய்த கழுவாய் இக்கதை எனலாம். இதனை வரலாறாகக் கொள்ளின், மூவேந்தர் பழி எளிதில் மறைந்துவிடும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், பாரி மகளிர் மணம்பெற்றனர் என்பதற்குச் சங்கப் பாட்டினுள் சான்றில்லை என்பதும், திருக்கோவலூர் மரபு அதனை உறுதியாக நம்பிற்று என்பதும், அம்மணம் இனிதாயிற்று என்பதற்கு யாண்டும் சான்றில்லை என்பதும் பெறப்படும். மணம் முடிதல் வேறு. மணவாழ்வு இனிதாதல் வேறு. முன்னதால் கபிலரின் கடன் நிறைவேறியது. பின்னதை அம்மகளிரே கூறியிருத்தல் வேண்டும். அவர் கூறியதாக நமக்குக் கிடைத்துள்ளது இழப்பைக் கூறும் ஒரு பாட்டே. அவர்க்கு நல்வாழ்வு வாய்த்திருக்க வேண்டுமென நாம் விழைதல் இயல்பு. அவ்விழைவைச் சான்றாக்கி அப்பாட்டின் துயரை மறைத்துவிடாமை ஆய்வாளரின் கடனாகும்.