கதைப் புத்தகம் மனதுக்கு ஒட்டாதபோது

பதினாறு, பதினேழு வயதில் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசித்த கதைகள் எம்மில் பலருக்கு நினைவிருக்கும். லக்ஷ்மி, ரமணிச்சந்திரன் என்று தமிழகத்திலிருந்து வந்தவை ஒருபுறம். 1970களில் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நம்மவர் நாவல்கள் மறுபுறம். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இல் படமாகவும் வந்தது. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. அப்போதும் ஜாம் போத்தல் விளக்கின் முன் குந்தியிருந்து கதை வாசித்தவர்கள் நம்மிடையே உண்டு.

அப்படி வாசித்தவர்களிடம் இப்போது கதைப் புத்தகத்தை நீட்டினால் பலர் வாங்கி வைத்துவிட்டு அப்படியே திருப்பித் தருகிறார்கள். "முதல் பக்கத்திலேயே ஒருத்தி அழுகிறாள். எங்கட அழுகை காணாதே அக்கா?" என்று ஒரு சகோதரி கேட்டார். சோம்பலால் சொன்ன பேச்சல்ல அது. உண்மையாகவே இழந்தவருக்குக் கற்பனைத் துயரம் சில காலம் விளையாட்டாகத்தான் தோன்றும்.

ஆனால் அவர்கள் வாசிப்பை விட்டுவிடவில்லை. காணி உறுதி, நட்டஈட்டுப் படிவம், வீட்டுத்திட்ட அறிவித்தல் என்று வாசிப்பு வேறு பக்கம் திரும்பியது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தபோது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகக் கேட்டறிந்த தாய்மார் பலர். ஒரு காலத்தில் நாவல் வாசித்த கண்ணுக்கு, யார் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது சட்டென்று பிடிபடும் என்பது என் எண்ணம்.

அடுத்து வருவது நடந்ததை எழுதிய புத்தகங்கள். ராஜனி திராணகமவும் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை', தமிழினியின் மறைவுக்குப் பின் 2016இல் வெளிவந்த 'ஒரு கூர்வாளின் நிழலில்' ஆகியவற்றைத் தேடி வாசித்தவர்கள் உண்டு. அவற்றில் உள்ளதை ஏற்பவரும் இருக்கிறார்கள், கோபித்து மூடுபவரும் இருக்கிறார்கள். இரண்டுமே வாசிப்புத்தான்.

பிறகு சிலர் மெல்லக் கதைக்குத் திரும்புகிறார்கள், பெரும்பாலும் பிள்ளைகளின் தயவால். பிள்ளைக்கு வாசித்துக் காட்டப் போய்த் தானும் அதில் இருந்துவிடுவது. உண்மைக் கதையில் ஊரும் ஆளும் தெரியும், வாசிக்கும்போது நெஞ்சு இறுகிவிடும். கற்பனைக் கதையில் பெயர் வேறு, ஊர் வேறு. அந்த மறைவிலே நின்று அழலாம், சிரிக்கவும் செய்யலாம். திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தோட்டச் செய்கைப் புத்தகமும் வைத்தியக் குறிப்புமே போதும், யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. நீண்ட நாவலில் மனம் நிற்கவில்லையென்றால் இரண்டு பக்கச் சிறுகதை போதும். ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் தையலோடு கேட்டிருக்கலாம்.

மேலே சொன்ன சகோதரி இப்போது 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டார். அவரது ஊர் வாசிகசாலையில் மூன்றாம் பாகம் இல்லை. வைத்திருப்பவர்கள் ஒரு கிழமைக்கு இரவல் கொடுத்தால் பத்திரமாகத் திருப்பித் தருவாராம்.