கூடைப்பந்தில் தோல்வி தொடங்கும் இடம்: பறிகொடுத்த பந்துகளின் கணக்கு

பாடசாலைக் கூடைப்பந்துப் போட்டி ஒன்று முடிந்ததும் பெற்றோரும் பழைய மாணவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் புள்ளிகளைப் பற்றித்தான். யார் எத்தனை கூடை போட்டார், கடைசி எறிகையை யார் தவறவிட்டார் என்பது அன்று இரவு வரை பேசப்படும். எறியாமலேயே எத்தனை தடவை பந்தை எதிரணியிடம் கொடுத்தோம் என்பதை எண்ணுபவர்கள் குறைவு. பல தோல்விகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இதைத்தான் கூடைப்பந்தில் ‘டேர்னோவர்’ என்கிறார்கள். பந்து பறிக்கப்படுவது மட்டும் இதில் அடங்காது. தவறான பாஸ், பந்தைத் தட்டாமல் நடப்பது, பக்கக் கோட்டுக்கு வெளியே பந்தை 5 விநாடிக்கு மேல் வைத்திருப்பது, 8 விநாடிக்குள் நடுக்கோட்டைக் கடக்காதது, 24 விநாடிக்குள் எறியாதது எல்லாமே இதில் சேரும்.

எட்டுப் புள்ளி எங்கே போனது?

கூடைப்பந்தில் ஒரு அணியின் முறை முடிந்தால் பந்து மற்ற அணிக்குப் போகும். ஆகவே இரு அணிகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வாய்ப்புகளே கிடைக்கின்றன. ஒரு உதாரணம் பார்ப்போம். இரு அணிகளுக்கும் தலா 70 வாய்ப்புகள். நமது அணி 20 தடவை பந்தைப் பறிகொடுக்கிறது. எதிரணி 12 தடவை. மிஞ்சுவது நமக்கு 50, அவர்களுக்கு 58. எறியும் திறமை சமமாக இருந்து, ஒரு வாய்ப்புக்குச் சராசரியாக ஒரு புள்ளி கிடைத்தால், எட்டுப் புள்ளிகளால் தோற்றுவிடுகிறோம். எறிவதில் நாம் எந்தக் குறையும் வைக்கவில்லை.

எல்லா இழப்பும் ஒன்றல்ல. பந்து கோட்டுக்கு வெளியே போனால் ஆட்டம் நிற்கும், நமது வீரர்கள் தடுக்கத் திரும்பிவிடலாம். ஓடும் ஆட்டத்தில் பந்து பறிக்கப்பட்டால் நமது ஐவரும் முன்னோக்கிப் போய்க்கொண்டிருப்பார்கள். எதிரணிக்குக் கூடைக்கடியில் தடுப்பாரில்லாத எறிகை கிடைக்கும். ஒரே தவறில் நமது வாய்ப்பும் போய், அவர்களுக்கு இரண்டு புள்ளியும் சேர்ந்துவிடும்.

அமெரிக்க ஆய்வாளர் டீன் ஆலிவர் வெற்றிக்கான காரணிகளை நான்காகப் பிரித்தார். எறிகைத் துல்லியத்துக்குச் சுமார் 40 வீதம், பந்தைப் பறிகொடுக்காமைக்கு 25 வீதம், ரீபவுண்டுக்கு 20 வீதம், தண்ட எறிகைகளுக்கு 15 வீதம் என்பது அவரது கணிப்பு. ரீபவுண்டுக்கு உயரம் பெரிதும் உதவும். பந்தைக் காப்பதற்கு வேண்டியது பழக்கம்.

பழக்கம் அறுந்த காலம்

கல்லடிப் பாலத்துக்கு அப்பால், புளியந்தீவில் இருக்கும் புனித மிக்கேல் கல்லூரி கூடைப்பந்தால் பெயர் பெற்றது. அந்தப் பெயருக்குப் பின்னால் அமெரிக்க இயேசு சபைத் துறவிகளின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அவர்களில் ஒருவர் லூசியானாவில் பிறந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார். அதே சபையைச் சேர்ந்த வெபர் அடிகளாரின் பெயரை மட்டக்களப்பு வெபர் மைதானம் இன்றும் தாங்கி நிற்கிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 15 ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் ஹேபர்ட் அடிகளாரும் அவருடன் வந்த தமிழ் இளைஞரும் காணாமல் போனார்கள். இருவரும் திரும்பி வரவேயில்லை.

எந்த நேரத்தில் பாஸ் கொடுக்க வேண்டும், எப்போது பந்தைப் பிடித்து நிற்க வேண்டும் என்பதைப் புத்தகம் பார்த்துப் பழக முடியாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை உயர்தர அண்ணன்மாருடன் மாலையில் ஆடித்தான் பழகும். ஊரடங்கும் சுற்றிவளைப்பும் அந்த மாலைகளைப் பறித்தன. பிள்ளைகளை வெளியில் விடவே பெற்றோர் அஞ்சினார்கள். பலர் ஊரைவிட்டுப் போனார்கள், பலர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். பழக்கிவிட வேண்டிய ஒரு தலைமுறையே மைதானத்தில் இல்லாமல் போனது.

ஒரு கொப்பியும் பேனாவும்

இன்று இதைத் திருத்தப் பெரிய செலவில்லை. மாற்று வீரர் ஒருவர் கொப்பியோடு உட்கார்ந்து ஒவ்வொரு இழப்பையும் எழுதலாம்: யார், எந்தக் கால்பகுதி, என்ன வகை. நான்கைந்து போட்டிகளில் கோலம் தெரிந்துவிடும். கடைசிக் கால்பகுதியில் இழப்புக் கூடினால் அது களைப்பு. ஓட்டப் பயிற்சியும் வீரர்களை மாற்றி இறக்குவதும் உதவும். நடுக்கோட்டுக்கு முன்னரே பந்து பறிபோனால், அழுத்தித் தடுக்கும் எதிரணிக்கு நாம் பழகவில்லை. பயிற்சியில் ஐவரை எழுவர் தடுக்கட்டும். பாஸ்கள் தவறினால், இரு காலும் ஊன்றி நின்று, பார்த்து, பிறகு கொடுக்கப் பழக்க வேண்டும்.

தவறியவரைத் திட்டுவதற்கு அந்தக் கொப்பி அல்ல. பந்தை அதிகம் கையாளும் பிள்ளையின் பெயருக்கு நேரேதான் அதிகக் கோடுகள் விழும். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த போட்டியில் பந்தைக் கேட்கவே பயப்படும்.